மூணு ஏழு அஞ்சு

உட்காருங்கள் சார், இறங்காதீர்கள். இறங்கிப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. ஒரு யானை ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். டிரைவர் பஸ்ஸை நிறுத்தி இன்ஜினை அணைத்தது சரி. ஹாரன் அடிக்காமல் இருக்கிறாரே, அதுவும் சரி. முன் சீட்டுக்காரரிடம் மட்டும் அந்த செல்போனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

காது இரண்டும் விசிறிக்கொண்டிருக்கிறது பாருங்கள். விசிறுகிறவரை பயம் இல்லை. காது நின்றுவிட்டால்தான் ஆபத்து. காது நின்றால் அது நம்மைக் கேட்கிறது என்று அர்த்தம்.

எனக்கும் அவசரம்தான். பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் ஒரு ஆள் சாகக் கிடக்கிறார். மூச்சு நிற்பதற்கு முன்னால் நான் போய்ச் சேர வேண்டும். சொந்தமா என்று கேட்கிறீர்கள். சொந்தம் இல்லை. என் தம்பியைக் கொன்ற ஆள்.

மெதுவாகப் பேசுங்கள். பின்னால் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

உங்கள் மீசையையும் உட்காருகிற விதத்தையும் பார்த்தால் பட்டாளத்துக்காரர் மாதிரித் தெரிகிறது. பதினேழு வருஷமா? நல்லது. அப்படியானால் உங்களிடம் சொல்லலாம். துப்பாக்கி தெரியாதவனிடம் இதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நாற்பத்தெட்டு வருஷமாகத் தெரியாதவர்களிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் ஆவுடையப்பன். தாழம்பாறை எஸ்டேட்டில் முதலில் கவாத்து வெட்டினேன். தேயிலைச் செடியின் தலையைச் சீவுகிற வேலை. அப்புறம் சின்னதுரை பங்களாவில் சேர்த்துக்கொண்டார்கள். மேனேஜர் பெரியதுரை, அசிஸ்டென்ட் சின்னதுரை, எங்கள் பேச்சில் அப்படித்தான். பெரியதுரை வெள்ளைக்காரர். சின்னதுரை வேதமுத்து நம் ஆள்தான், நாசரேத்துப் பக்கம். நானும் திருநெல்வேலிச் சீமை என்பதால் என்னிடம் "ஏலே" போட்டுப் பேசுவார். அவருடைய துப்பாக்கியைத் துடைப்பது, தோட்டாவைப் பாதுகாப்பது, காட்டுக்குப் போனால் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது, இதுதான் என் வேலை. நான் பள்ளிக்கூடம் போனது ஒரு வருஷம். ஆனால் துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவேன், மாட்டுவேன்.

அந்த வருஷம் ஒரு ஒற்றைக்கொம்பன் யானை எங்கள் மலைக்கு வந்துவிட்டது. இரண்டு பெண்களைக் கொழுந்து பறிக்கிற இடத்திலேயே கொன்றது. கலெக்டர் சுடச் சொல்லி உத்தரவு போட்டார். பெரியதுரைக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை, சீமைக்குத் திரும்பக் கப்பலுக்குப் பதிவு செய்திருந்தார். அதனால் உத்தரவைச் சின்னதுரை பெயரில் வாங்கினார்கள்.

பெரியதுரை தன் இரண்டு துப்பாக்கியையும் சாப்பாட்டு மேஜையில் எடுத்து வைத்து, "ஒண்ணு எடுத்துக்கோ முத்து, உனக்கே வச்சுக்கோ" என்றார். எடுத்தது வேதமுத்து. என்னை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று இரட்டைக் குழல். நாலு ஏழு சைபர், குழலின் அளவை வைத்துச் சொல்கிற பெயர். அதன் தோட்டா என் கட்டைவிரல் பருமன் இருக்கும். சுட்டால் எதிர்மலை திருப்பிச் சுடும். இன்னொன்று ஒற்றைக் குழல், போல்ட் இழுத்துச் சுடுகிறது, மூணு ஏழு அஞ்சு. அதன் தோட்டா நடுவிரல் பருமன். சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை, நடுத்தரம்.

நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். "துரை, பெரிசை எடுங்க" என்றேன்.

"ஏம்லே?"

"யானை பெரிசுல்லா துரை."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியதுரைக்கு அரைகுறைத் தமிழ், அவரும் சிரித்தார். வேதமுத்து நாலு ஏழு சைபரை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "ஆவுடை, இதைச் சுட்டா தோள்பட்டை கழண்டுரும். அந்த இடிக்குப் பயந்து, விசையை அமுக்குறதுக்கு முன்னாலயே நான் கண்ணை மூடிருவேன். கண்ணை மூடிக்கிட்டு யானையைச் சுடச் சொல்லுதியா? இதுல ரெண்டு வெடி. அதுல நாலு வெடி. பதினஞ்சு தப்படியில அதை வச்சு ஒரு டீ கிளாஸ்ல அடிப்பேன்" என்றார்.

"கிளாஸா துரை ஓடி வரப்போகுது?"

"வாயைப் பாரு இவனுக்கு" என்றார். ஆனால் எடுத்தது மூணு ஏழு அஞ்சைத்தான்.

அதிலும் இரண்டு தினுசு தோட்டா உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றுக்கு ஈய மூக்கு. உடம்புக்குள் போனதும் பூ மாதிரி விரிந்துவிடும். மானுக்கும் பன்றிக்கும் அது. இன்னொன்று மூக்கு வரைக்கும் செம்புத் தோல் போட்டது. சாலிட் என்பார்கள். விரியாது, நேராகப் போகும். யானையின் மண்டை எலும்பு தேன்கூடு மாதிரி, அதைத் தாண்டி மூளைக்குப் போக வேண்டுமென்றால் சாலிட்தான் என்று மேஜையில் விரலால் படம் போட்டுக் காட்டினார். சரி என்றேன். நமக்கு என்ன, சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்டோருக்குப் பின்னால் இரண்டு சில்வர் ஓக் மரத்தை வெட்டி ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுச் சுட்டுப் பார்த்தார். மூன்று தோட்டா. மூன்றும் இரண்டு மரத்தையும் துளைத்து மண்மேட்டில் போய்ப் புதைந்தன. "பாத்தியாலே!" என்று என் முதுகில் தட்டினார். என் தம்பி நயினார் பக்கத்தில் நின்றான். அவன்தான் எங்களுக்குத் தடம் பார்க்கிறவன். அவனும் "யண்ணே, துரை சொல்லுததுதான் சரி" என்றான். என் தம்பி, என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் பேசினான்.

யானை இன்னும் நிற்கிறதா? வாலை ஆட்டுகிறதா? சரி, சரி.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் மலை மழை உங்களுக்குத் தெரியாது. ஏழு வாரம், சூரியனைப் பார்க்கவில்லை. ஒற்றைக்கொம்பனும் கீழே இறங்கிப் போய்விட்டது. பங்களாவில் செருப்பில் பூஞ்சை, பைபிளில் பூஞ்சை, உப்பு ஜாடியில் தண்ணீர். சின்னதுரை தோட்டாப் பெட்டியை என்னிடம் கொடுத்து, "ஈரம் படாமப் பாத்துக்கோ, மெழுகுத் தாள்ல சுத்தி வையி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாலிட் பத்தொன்பது. பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறத் தொடங்கியது. மெழுகுத் தாள் என்ன செய்யும்? கவாத்து வெட்டுகிறவனுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம். மழைக்காலத்தில் கவாத்துக் கத்திக்கு எண்ணெய் போட்டுத்தான் தூங்கப் போவோம். எண்ணெய் போட்ட கத்தி துருப்பிடித்து நான் பார்த்ததில்லை. அதனால் தினமும் சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் பத்தொன்பதையும் எடுத்து வரிசையாக வைத்து, கோழி இறகால் தேங்காய் எண்ணெய் தடவுவேன். அடிப்பக்கம் நடுவில் சின்ன வட்டம் ஒன்று இருக்கும் இல்லையா, ஊசி போய்க் குத்துகிற இடம், பொறி கிளம்புகிற மருந்து அதற்குள்தான், கேப் என்பார்கள். அதைச் சுற்றித்தான் களிம்பு அதிகம். அங்கே ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொட்டு கூடுதலாக விட்டு, எண்ணெய் ஊறட்டும் என்று தலைகீழாக டப்பாவில் நிறுத்தி வைப்பேன். ஏழு வாரத்தில் ஒரு நாள் தவறவில்லை. வேறு எந்தத் துரையின் ஆள் அப்படிப் பார்த்துக்கொள்வான், சொல்லுங்கள். ஒவ்வொன்றும் மூக்குத்தி மாதிரி மின்னும்.

என்ன சார், முகம் ஒரு மாதிரி ஆகிறது? யானை அசைந்ததா? இல்லையே, அப்படியேதான் நிற்கிறது.

நாலு ஏழு சைபருக்கா? அதற்கு எண்ணெய் போடவில்லை. அது பெரியதுரையின் தோட்டா, அவர் பீரோவில் ஈயத்தாள் ஒட்டிய தகரப் பெட்டியில் கிடந்தது. அதை யார் தொடுவார்கள்?

ஆவணி தொடக்கத்தில் மழை விட்டது. மூன்றாம் நாள் காலையில் நயினார் ஓடி வந்தான். ஒற்றைக்கொம்பன் ஏலத்தோட்டத்தில் நிற்கிறது, ஆற்றோரம். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் சார். உள்ளே போனால் பத்துத் தப்படிக்கு மேல் கண் தெரியாது. நான் சொன்னேன், "துரை, வேண்டாம், அது வெளியே வரட்டும்." அவர், "வெளியே வந்தா லயத்து வீடுகளுக்குத்தாம்லே போகும். அங்க குழந்தைகள் கிடக்கு" என்றார்.

கிளம்புகிறபோது தோட்டா நாலை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கியதும் ஒன்று வழுக்கிக் கீழே விழுந்தது. "என்னலே ஆவுடை, விலாங்கு மீன் மாதிரி வழுக்குது?"

"சுத்தமா வச்சிருக்கேன் துரை."

சிரித்தார். ஒவ்வொன்றையும் கால்சட்டையில் துடைத்துத் துடைத்து உள்ளே போட்டார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. ஒரு மனிதன் ஏழு வாரம் பாடுபட்டிருக்கிறான், அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்.

முன்னால் நயினார், அவனுக்கு ஒரு கை தள்ளி வேதமுத்து, பின்னால் நான். ஏலச்செடிக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. மண் நசநசவென்று இருந்தது. நயினார் கையைத் தூக்கி நிறுத்தினான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் மோவாயால் காட்டினான். செடிக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பாறை. அந்தப் பாறை மூச்சு விட்டது. அப்புறம் காது தெரிந்தது. விசிறிக்கொண்டிருந்தது. அதோ, அந்த மாதிரியே. பன்னிரண்டு தப்படி இருக்கும்.

வேதமுத்து துப்பாக்கியைத் தூக்கினார். கை ஆடவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த ஆளுக்குக் கை ஆடாது. அது லேசாக முகத்தைத் திருப்பியது, நெற்றி முழுதாகத் தெரிந்தது. இப்போது, இப்போது என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

டிக்.

அவ்வளவுதான் சார். பொத்திய காதிலும் கேட்டது. டிக்.

அதன் காது நின்றது.

அவர் போல்ட்டை இழுத்தார். வெடிக்காத தோட்டா வெளியே தெறித்து மண்ணில் விழுந்தது. அடுத்தது உள்ளே போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அது வந்தது. செடியெல்லாம் இரண்டாகப் பிளந்தது. அப்போதும் அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. ஐந்து தப்படியில் விசையை அமுக்கினார். மறுபடியும் டிக்.

தும்பிக்கையால் ஒரு வீச்சு. வேதமுத்து பறந்து போய் ஒரு மரத்தில் மோதினார், கை முறிந்தது. நயினார் ஓடியிருக்கலாம். ஓடாமல் என்னைத் திரும்பிப் பார்த்து "யண்ணே, போ!" என்றான். போ என்றான். நான் போனேன்.

அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

மறுநாள் பெரியதுரை நாலு பேர் தோளில் நாற்காலியில் உட்கார்ந்து வந்தார். வீங்கின முழங்காலோடு நாலு ஏழு சைபரைத் தூக்கி ஒரே வெடி. ஒற்றைக்கொம்பன் மண்டி போட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான் சொன்னது பெரிசு. பெரிசு வெடித்தது. அவர் எடுத்தது நடுத்தரம். அது வெடிக்கவில்லை. இதில் படித்தவனுக்கு மட்டும் புரிகிற மாதிரி என்ன இருக்கிறது?

முதலில் மரத்தில் சுட்டபோது மூன்றும் வெடித்ததே என்கிறீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன் சார். மரத்துக்கு வெடிக்கிறது, யானைக்கு வெடிக்கவில்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுக்கிற தோட்டா அது.

விசாரணை நடந்தது. ஃபாரஸ்ட் ஆபீசர், போலீஸ் இன்ஸ்பெக்டர், அப்புறம் கோயம்புத்தூரிலிருந்து துப்பாக்கி பழுது பார்க்கிற ஆள் ஒருவர், வழுக்கைத் தலை. பெட்டியில் மிஞ்சியிருந்ததில் ஆறை எடுத்துச் சுட்டுப் பார்த்தார்கள். நாலு வெடிக்கவில்லை. வழுக்கைத் தலையன் ஒன்றைக் கிடுக்கியால் பிடுங்கித் திறந்து, கேப்பை விரலில் தேய்த்து, முகர்ந்து பார்த்தான். முகர்ந்துவிட்டு, "ஐயா, இது பழசானதால இல்ல. இதுல ஏதோ எண்..." என்று வாயெடுத்தான்.

வேதமுத்து கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர் சடாரென்று எழுந்தார். "தோட்டா பழைய சரக்கு. தேர்ந்தெடுத்தது நான். உள்ள போட்டதும் நான். போடுறதுக்கு முன்னால பாத்திருக்கணும், பாக்கல. வேற யாருக்கும் இதுல சம்பந்தம் கிடையாது. இதை எழுதிக்கோங்க, நான் கையெழுத்துப் போடுதேன்" என்றார்.

வழுக்கைத் தலையன் என்னைப் பார்த்தான். அப்புறம் அவரைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

பார்த்தீர்களா? அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னால். அவர் லைசென்ஸைப் பிடுங்கினார்கள். எஸ்டேட்டிலும் போகச் சொல்லிவிட்டார்கள். பொள்ளாச்சியில் போய் ஒரு கோழிப்பண்ணையில் மேற்பார்வை வேலை பார்த்தாராம். துரையாக இருந்த ஆள், கோழிக்குத் தீவனம் வைத்தார். எனக்கு வருத்தம் இல்லை. என் தம்பிக்குக் கல்யாணம் ஆகி ஐந்து மாதம் சார்.

கிளம்பிப் போகிற அன்று லயத்துக்கு வந்தார். "ஆவுடை" என்று கூப்பிட்டார். நான் கதவைத் திறக்கவில்லை. "நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே. அன்னைக்குக் கைல வழுக்கும்போதே நான் யோசிச்சிருக்கணும்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நான் என்னத்தை மனதில் வைத்துக்கொள்ள? தப்புச் செய்தவர் அவர், என்னைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளாதே என்கிறார். பேச்சைப் பார்த்தீர்களா?

மூன்று கடிதம் வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. வேறு யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை. அடுப்பில் போட்டேன்.

ஏன் கொடுக்கவில்லையா? கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நேற்று அவருடைய மகள் ரூபி எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டு, என்னைத் தேடிப் பிடித்துவிட்டது. "அப்பாவுக்கு நாள் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார் அண்ணாச்சி. ஆவுடையைக் கூட்டிட்டு வாங்கன்னு ஒரே புலம்பல். ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று அழுதது. எதற்கு என்று கேட்டேன். "தெரியலை, உங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவேங்கார்" என்றது.

ராத்திரி பூராவும் யோசித்தேன். விசாரணையில் எல்லோருக்கும் சொன்னார், எனக்குச் சொல்லவில்லை. இப்போது என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். "உன் தம்பியைக் கொன்றது நான்தான், நீ சொன்ன பெரிசை எடுக்காதது என் தப்பு." இரண்டே வரி. அதைக் கேட்டுவிட்டேன் என்றால் நானும் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன். அவர் வேறு எதையாவது சொல்ல ஆரம்பித்தால்? வேறு என்ன இருக்கிறது சொல்வதற்கு? இல்லை. அதைத்தான் சொல்வார்.

அவர் முன்னால் வைத்துக் கேட்பதற்கு ஒன்று கொண்டுபோகிறேன். கண்டக்டர் பார்க்கிறாரா? பார்க்கவில்லையே? இந்தச் சுருக்குப் பையில் இருக்கிறது. அன்றைக்கு மண்ணில் தெறித்து விழுந்தது ஒன்று, போலீசுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் நான் தனியாகப் போய் ஏலச்செடிக்கு அடியில் துழாவி எடுத்தேன். மூணு ஏழு அஞ்சு, சாலிட். அடியில் ஊசி குத்தின பள்ளம் தெரிகிறதா? வெடிக்கிற தோட்டாவாக இருந்தால் இந்தப் பள்ளத்துக்கு என் தம்பி இன்று தாத்தாவாகியிருப்பான்.

கையில் வாங்கிப் பாருங்கள், பயப்படாதீர்கள். நாற்பத்தெட்டு வருஷத்துத் தோட்டா என்று சொல்ல முடியுமா? ஒரு பொட்டுக் களிம்பு கிடையாது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை துடைத்து வைக்கிறேன். நேற்றும் துடைத்தேன். நீங்கள் பட்டாளத்துக்காரர், நீங்களே சொல்லுங்கள், இதில் என்ன...

என்ன சார், விரலை முகர்ந்து பார்க்கிறீர்கள்?

தேங்காய் எண்ணெய்தான்.

எதையோ சொல்ல வாயெடுக்கிறீர்கள். அந்தக் கோயம்புத்தூர்க்காரனும் இப்படித்தான் முகர்ந்துவிட்டு வாயெடுத்தான். இதே முகம். வேண்டாம். கொடுங்கள் அதை இப்படி. நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் சொல்வார். நான் கேட்கப் போவது அவர் வாயால்தான், உங்கள் வாயால் இல்லை.

அதோ, யானை சரிவில் இறங்கிவிட்டது. டிரைவர் சாவியைத் திருப்புகிறார். இந்த வளைவு தாண்டினால் அப்புறம் நிற்காமல் போவார்.

இந்தாருங்கள் துண்டு. கையை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் சீக்கிரம் போகாது.